டெனிஸ்டனுக்குச் சொல்லாதது

கோயிலிலோ கலியாண வீட்டிலோ மகளை யாருக்காவது அறிமுகம் செய்யும்போது கௌசியின் அம்மா தவமணி முதலில் கம்பனியின் பெயரைத்தான் சொல்வார். மகளின் பெயர் அதற்குப் பிறகு வரும். கேட்பவர்கள் கண்ணை அகட்டி, "ஓ, அங்கயோ!" என்பார்கள். பக்கத்தில் நிற்கும் கௌசி சேலைத் தலைப்பைச் சரிசெய்யும் சாட்டில் தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கம்தான். ஆனால் அந்த "ஓ" அவளுக்கும் பிடிக்கும்.

சிறு வயதில் அம்மா அப்பாவோடு ரொறொன்ரோவுக்கு வந்தவள் கௌசி. அப்பா ஸ்காபரோவில் கார்க் கதவுகளுக்கு ரப்பர் பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். ஓய்வு எடுக்கும் முன்னரே மாரடைப்பில் போய்விட்டார். கௌசி கொம்பியூட்டர் படித்து, பல் வைத்தியர்களுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பனி ஒன்றில் கனகாலம் இருந்தாள். பல் கட்டும் லாப் ஒன்றில் வேலை செய்த, பிறகு அவளுடைய புருசனான கீதனைச் சந்தித்ததும் அந்த வேலையால்தான். பிறகு, இரண்டு தடவை நேர்முகத்தில் தோற்று மூன்றாம் தடவையில் அந்தப் பெரிய அமெரிக்கக் கம்பனிக்குள் நுழைந்தாள்.

அலுவலகம் ஏரிக்கரைப் பக்கம், உயரத்தில் இருந்தது. காலைச் சாப்பாடும் மத்தியானச் சாப்பாடும் அங்கேயே. முதல் கிழமை முழுக்க, காசு கொடுக்காமல் தட்டில் உணவைப் போடும்போது யாரோ பின்னால் வந்து தோளில் தட்டப்போகிறார்கள் என்று பயந்தாள். மகள் பிறந்தபோது முழுச் சம்பளத்தோடு லீவு கிடைத்தது. ரொறொன்ரோவுக்கு வடக்கே, மார்க்கம் என்ற நகரில் தனி வீடு வாங்க முடிந்தது. மாடிப்படி ஏற முடியாத அம்மாவுக்குக் கீழேயே அறையும் குளியலறையும் அமைந்தன. இவை எல்லாவற்றையும்விட, ஊரில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியாத ஒரு சந்தோஷமும் இருந்தது. காலையில் அவள் எழுதிய ஒன்று பின்னேரமே எத்தனையோ நாடுகளில் ஓடிக்கொண்டிருக்கும். தன்னைவிடக் கெட்டிக்காரர்கள் நடுவில் இருந்து, அவர்களுக்குப் பிடிபடாத பிழையைத் தான் பிடித்த நாட்களில், ரெயினில் தனக்குள் சிரித்துக்கொண்டே வீடு வருவாள்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. அரையாண்டுக்கு ஒருமுறை, தான் செய்ததைத் தானே புகழ்ந்து எழுத வேண்டும். தன் வாயால் தன்னைப் புகழக்கூடாது என்று வளர்க்கப்பட்டவளுக்கு அது வாயில் மணல் போட்டுக் கடிப்பது போல இருந்தது. அதிலும் பழகிவிட்டாள். சனி, ஞாயிறு என்றாலும் கைபேசி அழைக்கும். நேற்றுப் பக்கத்து மேசையில் இருந்தவர் இன்று இல்லை என்றால், அதைப்பற்றி யாரும் சத்தமாகக் கதைக்க மாட்டார்கள். இந்தச் சம்பளத்தை நம்பியே வீடு நிற்கிறது என்பதால் அவளும் கதைக்க மாட்டாள்.

"நீர் வேலைக்குப் போறீர், சரி. ஆனா வீட்ட வந்தாப் பிறகும் அங்கதானே நிக்கிறீர்?" என்று கீதன் ஒருநாள் சொன்னான். அவன் கோபிக்கிறவன் இல்லை. அதனால் அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

டெனிஸ்டனை அந்தக் கம்பனிக்குக் கூட்டிவந்தது கௌசிதான்.

டெனிஸ்டன் மட்டக்களப்பான். கௌசியைவிட ஐந்தாறு வயது இளையவன். ஸ்காபரோவில் முதியவர் சங்கம் ஒன்றுக்குக் கொம்பியூட்டர்கள் பூட்டிக்கொடுக்கப் போன இடத்தில் அறிமுகமானவன். அவளுடைய அப்பா இறந்தபோது, கேட்காமலே வான் எடுத்துவந்து, செத்தவீட்டுக்குக் கதிரைகளை ஏற்றி இறக்கியவன். அஸ்தி கரைக்கிற அன்றுவரை கூடவே நின்றான். அப்போதிருந்து அவளை "கௌசியக்கா" என்பான். அவசரத்தில் வெறும் "கா".

கிழக்கே ஒரு நகரசபையில் கொம்பியூட்டர் பிரிவில் அவனுக்கு நிரந்தர வேலை இருந்தது. ஒஷாவாவில் சின்ன வீடு. மனைவி சந்திரவதனா அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை செய்தாள். சின்ன மகள் ஒருத்தி.

தொற்றுக்காலத்தில் கம்பனி ஆள் எடுத்துக்கொண்டே இருந்தது. கௌசி அப்போது ஒரு சின்னக் குழுவுக்கு, ஒரு ரீமுக்கு, பொறுப்பாக வந்திருந்தாள். டெனிஸ்டனைப் போல ஒருவன் வேண்டும் என்று நினைத்தாள். பிறகு டெனிஸ்டனே வேண்டும் என்று நினைத்தாள்.

"உந்த நகரசபையில இருந்து என்ன செய்யப் போறீர், டெனிஸ்டன்? உம்மட மூளைக்கு உது காணாது," என்றாள் போனில்.

"எனக்கு இது போதும் கா. பென்சன் இரிக்கு. பின்னேரம் பிள்ளையோட வீட்ட இரிக்கன்."

"இந்த வயசில பென்சனை ஆர் யோசிக்கிறது?"

அவன் சிரித்து மழுப்பினான். அவள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒஷாவாவுக்கே போனாள். மேசையடியில் உட்கார்ந்து, சந்திரவதனா போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, கம்பனி தரும் வசதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். தான் உள்ளே நிற்கிறேன், பார்த்துக்கொள்வேன் என்றும் சொன்னாள். சந்திரவதனா புருசனைப் பார்த்தாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இரிக்கும். போங்களன்," என்றாள்.

அவன் நேர்முகத்தில் தேறிச் சேர்ந்தான். ஆளைக் கொண்டுவந்ததற்குக் கம்பனி கௌசிக்குச் சன்மானம்கூடக் கொடுத்தது.

டெனிஸ்டனின் வேலை வெளியே தெரியாத வேலை. ஒன்று உடைந்து எல்லோரும் பதறும்போது, அது உடையும் என்று முன்னமே கண்டு பக்கத்தில் இன்னொன்றைத் தயாராக வைத்திருப்பான். அதனால் பதறும் நாட்கள் குறைந்தன. பதறாத நாட்களை மேலே இருப்பவர்கள் யார் பார்க்கிறார்கள்? அதே ரீமில் மரியோ என்று ஒருவன் இருந்தான். போர்த்துக்கல் குடும்பம், ரொறொன்ரோவிலேயே பிறந்தவன். கெட்டிக்காரன், கலகலப்பானவன். புதிதாக ஒன்றைச் செய்து, அதைப் பெரியவர்கள் முன்னால் அழகாக எடுத்துச் சொல்லக்கூடியவன். இருவரும் நல்லவர்கள்தான். இருவருக்கும் இடையில் ஒருநாள் தான் நிற்க வேண்டிவரும் என்று கௌசி நினைத்திருக்கவில்லை.

டெனிஸ்டன் சேர்ந்த புதிதில், உணவறையில் இருவரும் தமிழில் கதைத்துக்கொண்டு நின்றபோது, வேறு ரீம்காரன் ஒருவன் "உன் சொந்தக்காரனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனான். பகிடிதான். ஆனால் அன்றிலிருந்து கௌசி அலுவலகத்துக்குள் டெனிஸ்டனோடு ஆங்கிலத்தில் மட்டும் கதைத்தாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. தானும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டான்.

அடுத்த இலையுதிர் காலம் முடியும்போது, அளவுக்கு மீறி ஆள் எடுத்துவிட்டோம் என்று கம்பனி சொல்லத் தொடங்கியது. கௌசியின் மனேஜர் கரோலின், "வா, கொஞ்சம் வெளியே நடப்போம்" என்று கூப்பிட்டாள். ஏரிக்கரையில் காற்று முகத்தை அறுத்தது. இந்தக் குளிரில் ஏன் வெளியே என்று கௌசிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. உள்ளே கதைக்கக்கூடாத விஷயம்.

கரோலின் கெட்டவள் இல்லை. அவளுடைய கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உன் ரீமில் ஒருவர் குறைய வேண்டும் என்றாள். டெனிஸ்டன், மரியோ, இவர்களில் யார் இல்லாவிட்டால் உனக்குச் சமாளிக்க ஏலாது என்று கேட்டாள்.

கௌசிக்கு விடை தெரியும். டெனிஸ்டன். யோசிக்கவே தேவையில்லை. வாயைத் திறக்கப்போன நேரத்தில்தான் உணவறையில் கேட்ட அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்தது. தன் ஆளைக் கொண்டுவந்தாள், இப்போது தன் ஆளைக் காப்பாற்றுகிறாள் என்று கரோலின் நினைத்தால்? நாளை தன் பெயரும் இன்னொரு ஏரிக்கரையில் இன்னொருவர் வாயில் இப்படி வந்தால்?

"மரியோ," என்றாள்.

கரோலின் அவளுடைய கையைத் தொட்டு, நீ ஒரு பக்கமும் சாயாமல் சொல்வாய் என்று எனக்குத் தெரியும் என்றாள். தை மாதம் வரைக்கும் ஒருவருக்கும் மூச்சுவிடக் கூடாது என்றும் சொன்னாள். திரும்பி நடக்கும்போது, அந்தப் பாராட்டு நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சூட்டை உண்டாக்கியதை கௌசி உணர்ந்தாள். பிற்காலத்தில் எதை மன்னித்தாலும், அந்தச் சூட்டுக்காகத் தன்னை அவளால் மன்னிக்க முடியவில்லை.

கௌசி மார்க்கத்திலிருந்தும் டெனிஸ்டன் ஒஷாவாவிலிருந்தும் வெவ்வேறு ரெயினில் யூனியன் ஸ்ரேசனுக்கு வருவார்கள். அங்கே சந்தித்து, அலுவலகம்வரை சேர்ந்து நடப்பது வழக்கம். அந்த நடையில் மட்டும் தமிழ். ஏரிக்கரைப் பேச்சுக்குச் சில நாட்களுக்குப் பிறகு, ஸ்ரேசனின் பெரிய மண்டபத்தைத் தாண்டும்போது அவன் சொன்னான்:

"கா, வதனாக்கு நேர்சிங் படிக்க இடம் கிடைச்சிரிக்கு. தை மாசம் தொடங்குது. முழுநேரம்."

"நல்ல விஷயம்தானே!"

"ஓம். ஆனா அவள்ட நிரந்தர வேலைய விடணும். பத்து வருசம் இருந்து எடுத்த வேலை. மறுகா அது கிடைக்காது." அவன் நடையைக் குறைத்தான். "வேலையால ஆக்கள நிப்பாட்டப் போறாங்க எண்டு கதை அடிபடுது. நம்மட ரீமில ஒண்டும் இல்லத்தானே? நீங்க சொன்னா அவள் நாளைக்கே விட்டிருவாள்."

அவர்களைச் சுற்றி ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். கௌசி கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் பொறும், தை முடியட்டும்" என்று சொன்னால் போதும். வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை. ஆனால் டெனிஸ்டன் மொக்கன் இல்லை. பொறு என்றால் ஏன் என்று விளங்கிக்கொள்வான். விளங்கிக்கொண்டால் வதனாவுக்குச் சொல்வான், வதனா யாருக்காவது சொல்வாள், அது கரோலினின் காதுக்குப் போகும்.

கௌசி சிரித்தாள். "சும்மா கதையள். வதனாவைப் படிக்கச் சொல்லும்," என்றாள்.

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அன்றைக்கு அவளுக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தான். அலுவலகத்தில் சும்மா கிடைக்கும் கோப்பியைக் குடிக்காமல், இன்றைக்கு நல்லதாக ஒன்று குடிப்போம் என்று வரிசையில் நின்று வாங்கினான்.

அதன் பிறகு கௌசி வேறு ரெயினில் போனாள். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்று காரணம் சொன்னாள்.

தை மாதத்தில் ஒருநாள் காலை, வீட்டுக் குசினியில் மகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு நின்றபோது டெனிஸ்டனின் அழைப்பு வந்தது. ஒஷாவா ஸ்ரேசனில் ரெயினுக்குக் காத்து நின்றான். பின்னால் காற்றுச் சத்தம்.

"கா, என்ட போன்ல கம்பனிச் சாமான் ஒண்டும் திறக்குதில்ல. உங்கட சரியா வேலை செய்யுதா?"

கௌசி தன் கைபேசியைப் பார்த்தாள். எல்லாம் திறந்தது.

"உமக்கு மின்னஞ்சல் ஏதும் வந்ததோ? சொந்த விலாசத்துக்கு?" என்று கேட்டாள்.

பார்க்கிறேன் என்றான். பிறகு அவன், "ஓ," என்றான். "உங்களுக்குத் தெரியுமா கா?" என்று கேட்டான்.

"எனக்கும் இப்பத்தான் தெரியும்," என்றாள் கௌசி.

அந்தப் பொய்யைச் சொல்லும்படி அவளை யாரும் கேட்கவில்லை. கம்பனிகூடக் கேட்கவில்லை.

கீதனுக்கு அன்று பின்னேரமே சொன்னாள். ஏரிக்கரை, ஸ்ரேசன், காலைப் போன், எல்லாம். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உம்மட அப்பான்ர செத்தவீட்டுக்குக் கதிரை தூக்கினவன்," என்றான்.  அதை மறுபடி சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பாள்.

அந்த வருடம் எல்லாப் பெரிய கம்பனிகளும் ஆட்களை நிறுத்தின. ஒரே நேரத்தில் எல்லோரும் வேலை தேடினார்கள். நகரசபையில் டெனிஸ்டன் விட்ட இடத்துக்கு வேறொருவர் வந்து இருந்துவிட்டார். கௌசி தனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் எடுத்தாள். பழைய பல் வைத்தியக் கம்பனியின் முதலாளியிடம்கூடக் கேட்டாள். டெனிஸ்டன் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னான். நேர்முகங்களுக்குப் போனான். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் சாமான் விநியோகிக்கும் வானை ஓட்டத் தொடங்கினான்.

சந்திரவதனா முதல் தவணையை முடித்துவிட்டுப் படிப்பை நிறுத்தினாள். திரும்ப அதே முதியோர் இல்லத்துக்குப் போனாள். ஆனால் நிரந்தர இடம் போய்விட்டது. ஆள் தேவைப்படும்போது கூப்பிடுவார்கள், வா என்றால் போக வேண்டும். பத்து வருடம் முன்னால் எங்கே தொடங்கினாளோ அங்கேயே திரும்ப வந்து நின்றாள்.

கோடையில் கௌசியின் மகளுக்குப் பிறந்தநாள் வந்தது. மார்க்கத்தில் பூங்கா ஒன்றில் கொண்டாடினார்கள். டெனிஸ்டன் வேலைக்குப் போய்விட்டான். சந்திரவதனா மகளோடு பஸ்ஸும் ரெயினும் மாறி வந்தாள். பெரிய ஏதனத்தில் நண்டுக்கறி கொண்டுவந்திருந்தாள். கௌசிக்கு நண்டு என்றால் உயிர் என்று அவளுக்குத் தெரியும்.

மரத்துக்குக் கீழே கதிரையில் இருந்த தவமணியிடம் போய், "அம்மா, கௌசியக்கா இல்லாட்டி இவர் உடைஞ்சு போயிரிப்பார்," என்றாள். "எத்தினை பேரிட்டச் சொல்லிரிக்காங்க. இந்தக் காலத்தில ஆர் அப்படிச் செய்வாங்க? சொந்த அக்காவும் செய்ய மாட்டா."

"அவள் தகப்பன் மாதிரி. ஆர் கஸ்டப்பட்டாலும் பொறுக்க மாட்டாள்," என்றார் தவமணி பெருமையாக.

கௌசி கேக் வெட்டும் கத்தியைத் தேடுவதுபோலக் காருக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். கத்தி அவளுடைய கையிலேயே இருந்தது. கண்ணாடிக்கு அப்பால், சந்திரவதனா பிள்ளைகளுக்குப் பலூன் ஊதிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கோடை முடியும்வரை கௌசி பொறுத்தாள். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒஷாவாவுக்குக் கார் ஓட்டினாள். முன்கூட்டிச் சொல்லவில்லை. வதனா வேலைக்குப் போயிருந்தாள். டெனிஸ்டன் வீட்டு முன்னால் புல்வெட்டும் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு, பிளேட்டைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"வாங்க கா. திடீரெண்டு?"

"ஒரு விஷயம் சொல்ல வேணும், டெனிஸ்டன். நான் இருந்து சொல்ல மாட்டன். நிண்டே சொல்லிப்போட்டுப் போறன்."

சொன்னாள். கரோலின் கேட்டதையும் தான் மரியோ என்றதையும் முதலில் சொன்னாள். அவன் பிளேட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அது எனக்குத் தெரியும்," என்றான்.

"எப்பிடி?"

"நீங்க ரெயின மாத்தினீங்க. அப்ப விளங்கல்ல. வேலை போனாப் பிறகு விளங்கிட்டு." அவன் துணியைத் தரையில் வைத்தான். "அதுக்கு நான் கோவிக்கல்ல. அங்க ஆராவது போகணும். மரியோட்டயும் குடும்பம் இரிக்கு."

"அது மட்டுமில்ல. யூனியனில நீர் என்னட்டக் கேட்டனீர்..."

"ஓம். கேட்டன்."

"அப்ப எனக்குத் தெரியும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவன் அதை ஏற்கனவே கணித்திருந்தான் என்பதும், கணிப்பு பிழையாக இருக்க வேண்டும் என்று இத்தனை மாதமும் விரும்பியிருந்தான் என்பதும் அந்தப் பார்வையிலே தெரிந்தது.

"எனக்கு வேலை போகும் எண்டு நீங்க சொல்லத் தேவல்ல," என்றான் மெதுவாக. "ரகசியம் எண்டா ரகசியம்தான். 'எனக்குத் தெரியாது, நீங்களே யோசிங்க' எண்டு சொல்லிரிக்கலாம். தெரியாதெண்டு ஒரு சொல்லு. ஆனா நீங்க 'படிக்கச் சொல்லுங்க' எண்டு சொன்னீங்க, கா."

கௌசி அழவில்லை. அழுதால் அவன் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"வதனாட்டையும் சொல்லவேணும். அவள் எப்ப வருவாள்?"

"வேணாம்."

"அவளுக்குத்தானே நான் கூடுதலாப் பிழை செய்தனான்."

"அதுதான் வேணாம் எண்டன்." குரல் முதன்முறையாக உயர்ந்தது. "வீடும் வேலையுமாக் கிடந்து மாயிறாள். உங்களோட போன்ல கதைக்கிற நேரம்தான் சிரிக்கிறாள். நீங்க வந்து உங்கட பாரத்த இறக்கி வச்சிட்டுப் போயிருவீங்க. மறுகா அவள்ட்ட என்ன இரிக்கும்? ஒரு சினேகிதியும் இல்லாமப் போகும். உங்களுக்காகச் சொல்லல்ல. அவளுக்காகச் சொல்றன். அவளோட எப்பவும்போல இரிங்க."

"அவள் என்னைப் புகழப் புகழ..."

"கேட்டுக்கொண்டு இரிங்க," என்றான் டெனிஸ்டன். பிறகு குனிந்து பிளேட்டை எடுத்துப் பூட்டத் தொடங்கினான்.

திரும்பி ஓட்டும்போது, வேலையை விட்டுவிட வேண்டும் என்று கௌசி தீர்மானித்தாள். மார்க்கத்தை நெருங்க நெருங்க வீடு, அம்மாவின் அறை, மகள் என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. திங்கட்கிழமை வழக்கம்போல ரெயின் ஏறினாள். தான் விட மாட்டேன் என்பது காரில் தீர்மானித்தபோதே தனக்குத் தெரியும் என்று கீதனிடம் சொன்னாள்.

அடுத்த குளிர்காலத்தில் கரோலின் மறுபடியும் நடக்கக் கூப்பிட்டாள். இந்தத் தடவையும் ஒருவர். கௌசி பெயர் சொல்ல மறுத்தாள். நீ சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டிவரும், உன் ஆட்களை எனக்கு உன்னளவு தெரியாது என்றாள் கரோலின். அதுவும் நியாயம்தான். ஆனாலும் கௌசி சொல்லவில்லை. அது மட்டுமல்ல, மறுநாள் ரீமைக் கூட்டி, வீட்டில் பெரிய முடிவு ஏதாவது எடுக்க இருப்பவர்கள் வசந்தம்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். காரணம் கேட்டார்கள். சொல்ல மாட்டேன் என்றாள். எல்லோருக்கும் விளங்கியது.

அது மேலே போனது. கௌசியை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பொறுப்பிலிருந்து மட்டும் இறக்கினார்கள். அந்த இடத்துக்கு மரியோவைப் போட்டார்கள். ரீமில் கடைசியாகச் சேர்ந்த ஒரு பெண்ணை கரோலினே தெரிவு செய்து அனுப்பினாள். கௌசி பெயர் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாள். அவள் நன்றாக வேலை செய்தவள். ஆக, வாயை மூடியதாலும் ஒருத்தி போனாள். அந்தப் பெண் போகும் அன்று, கௌசி பொறுக்கச் சொன்னதால் புது வீட்டுக்கு முற்பணம் கட்டாமல் நிறுத்தி வைத்திருந்ததாகச் சொல்லி அவளைக் கட்டிப்பிடித்தாள். 

மரியோ நல்ல பொறுப்பாளன். ஏரிக்கரையில் நடந்தது ஒன்றும் அவனுக்குத் தெரியாது. கௌசியை மரியாதையாக நடத்துகிறான். டெனிஸ்டனை எப்போதாவது நினைத்து, அவன் இருந்திருந்தால் இது உடைந்திருக்காது என்று சொல்வான்.

டெனிஸ்டனுக்கு ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஒரு வைத்தியசாலையின் கொம்பியூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. நகரசபையில் விட்டதைவிட ஒரு படி கீழே. அந்த வேலையை அவனே தேடிக்கொண்டான். கௌசிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த பின்னர் சந்திரவதனா பகுதிநேரமாக மறுபடி படிக்கத் தொடங்கினாள். மற்றவர்கள் இரண்டு வருடத்தில் முடிப்பதை இவள் எத்தனை வருடத்தில் முடிப்பாளோ. சனிக்கிழமைகளில் வகுப்பு. டெனிஸ்டனுக்கும் சனிக்கிழமை வேலை இருந்ததால் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. கௌசி போய்ப் பார்த்துக்கொள்கிறாள். பிள்ளைக்குச் சாப்பாடு தீத்தி, கணக்குச் சொல்லிக்கொடுத்து, உடுப்பு மடித்து வைப்பாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, சந்திரவதனா சோதனை ஒன்றில் நல்ல புள்ளி எடுத்துக்கொண்டு வந்தாள். சப்பாத்தைக் கழற்றாமலே ஓடிவந்து கௌசியைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க இல்லாட்டி நான் இதுக்குள்ள திரும்பக் கால் வச்சிரிக்க மாட்டன் அக்கா. உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யிறது?"

டெனிஸ்டன் அப்போதுதான் வேலையால் வந்து, குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

"ஒண்டும் வேண்டாம், வதனா," என்றாள் கௌசி. "நீர் படியும்."

சொன்ன பிறகுதான், அதே சொல்லை முன்பு யூனியன் ஸ்ரேசனிலும் சொன்னோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. முகம் சுட்டது. கோட்டை எடுத்துக்கொண்டு புறப்படப் பார்த்தாள். வதனா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து சாப்பாட்டு மேசையடியில் இருத்தினாள். டெனிஸ்டன் தட்டை அவள் முன்னால் வைத்து, சோற்றைப் போட்டு, மீனின் நடுத்துண்டை எடுத்து வைத்தான். தன் வீட்டுக்கு வந்த எவருக்கும் அவன் அப்படித்தான் செய்வான். கௌசி குனிந்து சாப்பிட்டாள். பக்கத்தில் வதனா, அன்றைக்கு வகுப்பில் நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.